எத்தனை நாற்காலி காலி

எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல மாட்டோம். "பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்போம். "தக்க முடிவு எடுக்கப்படலாம்" என்போம். யாரால் எடுக்கப்படலாம் என்பதை மட்டும் எழுத மாட்டோம். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஏறும், அங்கே இன்னொருவர் அதே விஷயத்தை இன்னும் பணிவாக எழுதுவார், அது இன்னும் மேலே போகும். டெல்லி லோதி ரோட்டில் அந்தக் கட்டடத்தில்தான் என் சர்வீஸ் முக்கால்வாசி கழிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். துவாரகாவில் மெட்ரோ ஏறும்போதே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிடுவேன், இறங்குவதற்குள் முழுக் குறிப்பும் தயாராகிவிடும்.

என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. "அந்த இங்கிலீஷை வெச்சு சப்ஜிவாலாகிட்ட ஒரு கிலோ தக்காளி நல்லதா வாங்கிண்டு வர முடியலியே" என்பாள் என் மனைவி. அவளுக்கு என்ன தெரியும். ஒரு வாக்கியத்தில் ஆளே இல்லாமல் வேலை நடப்பது போல எழுதுவது எவ்வளவு பெரிய வித்தை என்று அரசாங்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மேடம் மாற்றலாகி வந்தார்.

கோயம்புத்தூர் பக்கம். வயதில் என்னைவிடச் சின்னவர், பதவியில் பெரியவர். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் வாயைத் திறந்தால் கோயம்புத்தூர்தான். ஹிந்தி பேசும்போதுகூட ஓரத்தில் ஒரு "ங்க" ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து கைத்தறிப் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக நடந்தே ஆபீசுக்கு வருவார். டிரைவர் காரை வைத்துக்கொண்டு வாசலில் சும்மா நிற்பான்.

வந்த முதல் வாரமே என் குறிப்பு ஒன்று திரும்பி வந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். முழுக்க ஒரே பென்சில் கோடு. அடியில் பொடி எழுத்தில், "இதில் யார் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை ஜாயின்ட் செக்ரடரி என் குறிப்பைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று வந்த அம்மாள் கோடு போடுகிறாள். விறுவிறு என்று அறைக்குப் போய் நின்றேன்.

"உக்காருங்க சார்" என்றார். "நல்ல இங்கிலீஷுங்க. ரசிச்சுப் படிச்சேன். ஆனா பூட்டுன வீடாட்டம் இருக்குதுங்க. எவ்வளவு தட்டுனாலும் உள்ள இருந்து யாரும் வர மாட்டேங்கறாங்க."

கோபத்தோடு போனவன், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய இன்னொரு வழக்கம் கையெழுத்து. நாங்கள் எல்லோரும் போடுவது புழு நெளிகிற மாதிரி ஒரு கீறல். பின்னால் விசாரணை என்று வந்தால் அந்தப் புழு யாருடையது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, அதுதான் அதன் அழகு. மேடம் முழுப் பெயரை எழுதுவார். இனிஷியல், பெயர், தேதி, எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தெளிவாக. மேலே ஒரே வரி இருக்கும். "செய்யலாம்." அல்லது "வேண்டாம்." முதலில் "புதுசு, போகப் போகச் சரியாயிடும்" என்று பேசிக்கொண்டோம். அவர் சரியாகவே இல்லை.

அவருடைய அருமை எனக்கு உண்மையாகப் புரிந்தது ஓர் ஆங்கில வாக்கியத்தால். அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பிரிவில், என் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் ஒரு பண்ருட்டிக்காரன். நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல சாப்பாட்டுக்காரன். ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். இரண்டு பெண் குழந்தைகள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு அரசாங்கம் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கும். அவன் மனைவிக்கு அப்படி வேலை கிடைத்தது. பிளஸ் டூ படித்தவர்தான், ஆனால் அப்போது காலியாக இருந்தது கடைநிலை வேலை மட்டும். கணவன் உட்கார்ந்திருந்த அதே பிரிவுக்குக் கோப்பு தூக்கி வந்தார், தண்ணீர் பாட்டில் நிரப்பினார், ஜெராக்ஸ் எடுத்தார்.

அதையெல்லாம் அவர் பெரிதாக நினைக்கவில்லை. அவரை உறுத்தியது வேறு. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே இல்லாமல் போனது. "கம்பாஷனேட் கேஸ்", அதாவது கருணை கேஸ், என்றுதான் சொல்வார்கள். "அந்த கம்பாஷனேட் கேஸை அனுப்புங்க, ஜெராக்ஸ் எடுக்கணும்." "கம்பாஷனேட் கேஸ் இன்னிக்கு லீவா?" சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் ஊர் ஆபீசில் மனிதர்கள் எல்லோருமே கேஸ்தான், பென்ஷன் கேஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், மெடிக்கல் கேஸ். மற்ற கேஸ்களெல்லாம் ஒரு நாள் முடிந்துவிடும், இவருடையது முடியவில்லை.

குளிர்காலத்தில் சாப்பாட்டு வேளையில் எங்கள் கட்டடமே வெளியே புல்வெளியில்தான் இருக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டு, வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டு. அப்படி ஒரு மத்தியானம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆபீசுக்குள் என்னை "சார்" என்பார், வெளியே "அண்ணே".

"அண்ணே, கிளார்க்கு பரிச்ச எழுதப் போறேன், மூணாவது வாட்டி. இதுதான் கடைசியாம், இதுக்கப்பறம் எழுத வுட மாட்டாங்களாம்."

"தெரியும்மா. இங்கிலீஷ்தானே உங்களுக்கு இடிக்கறது."

"அதான் இடிக்குது. பெரியவகூட உக்காந்து படிக்கிறேன். அவ ஜல்தி ஜல்தின்னு வெரட்டுறா." கொஞ்ச நேரம் ஆரஞ்சு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சம்பளத்துக்காவ மட்டும் சொல்லலண்ணே. இந்த வேல எனக்குக் கருணையில குடுத்தது. குடுத்தாங்க, நல்லா இருக்கட்டும். ஆனா இந்தப் பரிச்சைய நானா பாஸ் பண்ணிட்டா அது என்துதான? அப்பறம் யாரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்கல்ல?"

"கூப்பிட மாட்டா" என்றேன். வேறு என்ன சொல்வது.

அந்தத் தேர்வின் ஒருங்கிணைப்பு வேலை என் தலையில் விழுந்திருந்தது. விடைத்தாளில் பெயர் இருக்காது, ஒரு குறியீட்டு எண்தான். அந்த எண்களை ஒட்டியது நான். எனவே யாருடையது எது என்று எனக்கு மட்டும் தெரியும். திருத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரிய மீசைக்காரர், கேள்வித்தாளைத் தயாரித்தவரும் அவர்தான். இன்னொருவர் மஃப்ளர்காரர், தீபாவளிக்குச் சுற்றிய மஃப்ளரை ஹோலிக்குத்தான் அவிழ்ப்பார். இருவரும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒரு கேள்வியில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் அது மேலே போகும்.

ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு கேள்வியில்.

கீழ்க்கண்ட வாக்கியம் சரியா, தவறா, தவறென்றால் திருத்தி எழுதுக என்ற கேள்வி. வாக்கியம் இதுதான்: "தி செக்ரடரி அண்ட் டிரெஷரர் ஹேஸ் ரிசைன்ட்." செயலாளர், பொருளாளர், ராஜினாமா. மீசைக்காரர் தன் விடைக்குறிப்பில் தவறு என்று போட்டிருந்தார். செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், ஆக இரண்டு பேர், அதனால் "ஹேஸ்" வரக்கூடாது, "ஹேவ்" வர வேண்டும் என்பது அவர் கட்சி. மஃப்ளர்காரர் கொதித்துப் போனார். முன்னால் ஒரே ஒரு "தி" தான் இருக்கிறது, எனவே ஆள் ஒருவர்தான், இரண்டு பதவியும் அவரே வகிக்கிறார், வாக்கியம் நூற்றுக்கு நூறு சரி, இதை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்றார். மீசைக்காரர், நானும் எட்டாம் வகுப்பு படித்திருக்கிறேன் என்றார். அதற்கப்புறம் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

தமிழில் இந்த வம்பே வராது. "செயலாளரும் பொருளாளரும் ராஜினாமா செய்தனர்" என்றால் இரண்டு பேர். "செயலாளரும் பொருளாளருமானவர்" என்றால் ஒருவர். ஆங்கிலத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை, நாங்கள் என்ன செய்ய.

எண்களைப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. பண்ருட்டிக்காரன் மனைவி "தவறு" என்று எழுதி, "ஹேவ்" என்று திருத்தியிருந்தார். மீசைக்காரர் மதிப்பெண் கொடுத்திருந்தார், மஃப்ளர்காரர் சிவப்பில் அடித்திருந்தார். மற்றதெல்லாம் கூட்டிப் பார்த்தால் தேர்ச்சிக்கு விளிம்பில் நிற்கிறார். இந்த ஒரு கேள்வி கிடைத்தால் பாஸ், கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ்தான்.

கோப்பு ஏறத் தொடங்கியது. மற்ற எல்லாம் கணினிக்குப் போய்விட்ட காலத்திலும் தேர்வு சமாசாரம் மட்டும் ரகசியம் என்று காகிதக் கோப்பில்தான் ஓடும். பயிற்சிப் பிரிவு, "இரு கருத்துகளிலும் பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது" என்று எழுதியது. ஹிந்தி அதிகாரி, "ஹிந்தி வடிவத்தில் இக்குழப்பம் இல்லை என்பது கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது" என்று எழுதிச் சந்தோஷமாகத் திருப்பினார். சட்ட ஆலோசகர், "இது இலக்கண விஷயம், சட்ட விஷயம் அல்ல" என்றார். நிர்வாகப் பிரிவு, "இது சட்ட விஷயமா என்று சட்ட ஆலோசகரின் கருத்தைக் கேட்கலாம்" என்றது. யாருக்கும் அந்த வாக்கியம் புரியாமலில்லை. சரி என்று எழுதினால் மீசைக்காரருக்குக் கோபம் வரும், தவறு என்று எழுதினால் மஃப்ளர்காரர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவார். அதற்குத்தான் பயம்.

நானும் எழுதினேன். எழுதியதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இரண்டும் ஒருவரே என்று காட்ட இடையில் ஒரு "கம்" சேர்த்து "செக்ரடரி-கம்-டிரெஷரர்" என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமிருந்திருக்காது என்று அரைப் பக்கம். நம் அரசாங்கத்தில் "கம்" இல்லாமல் எது இருக்கிறது, டிரைவர்-கம்-மெசஞ்சர், ஆபீஸ்-கம்-ஸ்டோர். கடைசியில், "தகுதியுள்ள அதிகாரி தக்க முடிவு எடுக்கலாம்." கை அது பாட்டுக்கு எழுதிவிட்டது.

தகுதியுள்ள அதிகாரி மேடம்தான். கோப்பு இரண்டாம் நாளே திரும்பி வந்தது. ஓரத்தில் "டிஸ்கஸ்" என்றிருந்தது. நேரில் வந்து பேசு என்று அர்த்தம். எங்கள் வழக்கத்தில் கோப்பைக் கொஞ்ச நாளுக்கு ஊறப்போடுவதற்கு அதைவிட நாசூக்கான சொல் கிடையாது. ஆனால் மேடம் அடியில் "இன்று, டீக்கு முன்" என்று சேர்த்திருந்தார். அப்புறம் அந்த முழுப் பெயர்.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மீசைக்காரரும் மஃப்ளர்காரரும் வெளியே ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மீசைக்காரரை முதலில் கூப்பிட்டார். சரியா தவறா என்று கேட்கவே இல்லை. வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தார்.

"கித்னி குர்சி காலி ஹுயீ?" என்று கேட்டார் மேடம். எத்தனை நாற்காலி காலியாச்சு.

மீசைக்காரர் யோசிக்கவேயில்லை. "தோ" என்றார். இரண்டு. எப்படி என்று மேடம் கேட்டதும், அவர் காலனி சங்கத்தில் செயலாளரும் பொருளாளரும் ஒரே கூட்டத்தில் அடித்துக்கொண்டு ஒரே நாளில் எழுந்து போன கதையைச் சொன்னார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது, அந்த இரண்டு நாற்காலியையும் இன்னும் கண்ணால் பார்க்கிறார் என்று தெரிந்தது.

அடுத்து மஃப்ளர்காரர். அதே கேள்வி. "ஏக்" என்றார். ஒன்று. முதலில் விதியைச் சொன்னார். விதி இருக்கட்டும், நாற்காலி எங்கே இருக்கிறது என்று மேடம் விடாமல் கேட்டார். கடைசியில் வந்தது. அவர் வீட்டுக் கூட்டுறவு சங்கத்தில் ஒரே ஆசாமி இரண்டு பதவியையும் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்தும் ராஜினாமா செய்ய மாட்டேன் என்கிறார்.

மேடம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனைங்க சார்?"

"மேடம், என் நோட்ல எழுதியிருக்கேன். இடையில ஒரு கம் போட்டிருந்தா…"

"படிச்சேனுங்க. நாற்காலி எத்தனைங்க?"

"ஒண்ணு" என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் துவாரகா சொசைட்டியில் இரண்டு பதவியும் என் தலையில்தான். தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் செயலாளர் என்று திட்டுவார்கள், மோட்டாருக்குச் சந்தா கேட்டால் பொருளாளர் என்று திட்டுவார்கள். என் கண்ணுக்கு ஒரு நாற்காலிதான் தெரியும். ஆனால் ஒன்று என்றால் வாக்கியம் சரி. வாக்கியம் சரியென்றால் "தவறு" என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. என் நண்பன் மனைவிக்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே புல்வெளியில் யாரோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாக்கியத்தத் தப்புன்னு சொல்லோணும்னா, அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கோணுங்க சார்" என்றார். "எந்த ஊர்லயாவது, எந்த எடத்துலயாவது, ஒருத்தரு அத உண்மையாச் சொல்லியிருக்க முடியுமான்னு பாக்கோணும். முடியும்னா அது தப்பில்லீங்க. அந்த எடம் நமக்குத் தெரியல, அவ்வளவுதான். இவரு சங்கத்துல அந்த ஆளு நாளைக்கே ராஜினாமா பண்ணினா, இந்த வாக்கியத்தத்தான நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. அப்ப இது எப்படித் தப்பாகும்?"

எத்தனையோ வருஷமாக ஆங்கில வாக்கியங்களோடு மல்லுக்கட்டியவன் நான். சட்டம், விதி, முன்னுதாரணம், அகராதி எல்லாம் புரட்டுவேன். ஒரு வாக்கியத்துக்கு நியாயம் வழங்குவதற்கு அது வாழக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த நிமிஷம் எனக்குக் கைகூப்பத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் இத்தனை அழகான நியாயம் போய் அந்தப் பெண்மணியின் தலையில்தான் விழ வேண்டுமா.

வாக்கியம் சரி என்று முடிவாகிவிட்டது. பேனாவைத் திறந்தார். இனியும் சும்மா இருக்க முடியாது என்று வாயைத் திறந்தேன்.

"மேடம், ஒரு விஷயம். தவறுன்னு எழுதினவாள்ல ஒருத்தர்…"

கையை உயர்த்தினார். கோபமாக இல்லை, ரோட்டில் குழந்தையை நிறுத்துகிற மாதிரி.

"யாருன்னு சொல்லாதீங்க சார்."

"இல்ல மேடம், நீங்க தெரிஞ்சுண்டா…"

"தெரிஞ்சுட்டா நான் பேப்பரப் பாக்க மாட்டேனுங்க, அவங்க மூஞ்சியத்தான் பாப்பேன். அப்பறம் நான் என்ன எழுதினாலும் அது அவங்களுக்கு ஆகாதுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இந்த மேஜையில் கிடக்கிறது, இந்த அம்மாள் காதைப் பொத்திக்கொள்கிறாள். எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவருக்கு ஆகாது என்றால் என்ன அர்த்தம், அவருக்கு மதிப்பெண் கிடைத்தால் ஆகாமல் போகுமா. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ளும்படி இருந்தது அந்தக் கை.

"தப்புன்னு எழுதினவங்க பேப்பரையெல்லாம் இப்படி வைங்க" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். சிலர் தவறு என்று எழுதிவிட்டுத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். ஒருவர் "ஹேஸ்" ஐ அடித்து "ஹேட்" என்று போட்டிருந்தார். இன்னொரு புண்ணியவான், "தவறு, ஆடிட் முடிவதற்கு முன் பொருளாளர் ராஜினாமா செய்யக் கூடாது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவருக்கு மார்க் இல்லீங்க. ஆனா ஆடிட் செக்ஷனுக்கு மாத்தி விடலாம்" என்றார்.

அதற்கடுத்த தாள் பண்ருட்டிக்காரன் மனைவியுடையது. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த மாதத்து விடுமுறை நாட்களையெல்லாம் படித்தேன்.

"இவங்க ஹேவ்னு திருத்தியிருக்காங்க. இதே மாதிரி இன்னும் சில பேரு இருக்காங்க." தாள்களை ஒன்றாகச் சேர்த்தார். "இவங்க ரெண்டு நாற்காலி பாத்திருக்காங்க சார். ரெண்டு நாற்காலிக்கு இது சரிதானுங்களே. எத்தனை நாற்காலின்னு நாமதான சொல்லாம விட்டுட்டோம்."

எனக்குச் சட்டென்று மூச்சு வந்தது. ஹீட்டர் சத்தம்கூட அப்போதுதான் காதில் விழுந்தது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அதுவரை முகம் பார்க்காதவர்கள் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு விடையா, இது என்ன முன்னுதாரணம், நாளைக்கு எல்லாக் கேள்விக்கும் இப்படிக் கிளம்பினால் என்ன ஆகும் என்றார் மீசைக்காரர். ஆமாம், ஆமாம் என்றார் மஃப்ளர்காரர். முன்னுதாரணம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் கட்டடத்தில் பெரிய பெரிய ஆட்களே கோப்பை மூடி வைத்துவிடுவார்கள். மேடம் ஹிந்தியில், அந்தக் கோயம்புத்தூர் ஹிந்தியில், நிதானமாகச் சொன்னார். கேட்டவர்கள் தெளிவாகக் கேட்காததற்குப் பதில் சொன்னவர்களைத் தண்டிக்கக் கூடாது. இப்படி எழுதினால் நாளைக்கு யாராவது கேட்பார்களே என்றார் மீசைக்காரர்.

"கேக்கட்டும். என் பேருதான எழுதறேன்" என்றார் மேடம்.

எழுதினார். எல்லாம் சேர்த்து நாலு சின்ன வாக்கியம். வாக்கியம் சரி. இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டு திருத்தியவர்களும் சரி. குறை கேள்வியில் இருக்கிறது. இருவிதமான பதிலுக்கும் மதிப்பெண் தரவும். ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தது, பூட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. கீழே இனிஷியலோடு முழுப் பெயர். அந்தக் கோப்பில் அதற்கு முன்னால் இருந்த அத்தனை பக்கங்களிலும் எங்கள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

முடிவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட நாளில், பண்ருட்டிக்காரன் மனைவி பூந்தி லட்டு டப்பாவோடு பிரிவு பிரிவாகப் போனார். மீசைக்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார். மஃப்ளர்காரர் மஃப்ளரை விலக்கி வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆபீசில் லட்டு தீருவதற்குள் பேச்சு கிளம்பிவிடும். கோப்பு மேடம் வரை போனது எப்படியோ கசிந்திருந்தது. "மேடத்தோட தயவு. மதராஸி மதராஸிக்குச் செஞ்சுட்டாங்க." "கருணையில வந்தது, கருணையிலயே மேல போகுது." கேண்டீனில் ஒருவன் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சட்டையைப் பிடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பிடித்து என்ன ஆகப்போகிறது.

சாப்பாட்டு வேளையில் அவர் புல்வெளிக்கு வந்தார். டப்பாவில் எனக்கென்று ஒன்று மிச்சம் வைத்திருந்தார். கொடுத்தார், ஆனால் உட்காரவில்லை. முகம் வாடியிருந்தது.

"அண்ணே, உங்கள ஒண்ணு கேப்பேன். என் மனசு நோவக் கூடாதுன்னு மாத்திச் சொல்லக் கூடாது."

"கேளுங்கோம்மா."

"மேடம் என்னியப் பாவம் பாத்துத்தான் மார்க்கு போட்டாங்களா?"

லட்டு கையிலேயே இருந்தது. அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நான் சின்னதாக ஒரு பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார், அவர் கணவனோடு அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த என் முகம் அவருக்கு அவ்வளவு பழக்கம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மேடம் எதற்குக் கையை உயர்த்தினார் என்று. அன்றைக்கு மட்டும் நான் சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலே இருந்திருக்காது. மார்க் என்னவோ அதே மார்க்தான். ஆனால் அது இன்னொரு கருணையாகப் போயிருக்கும். அவருக்கு ஆகாது என்று மேடம் சொன்னதன் அர்த்தம் இதுதான். ஆளைத் தெரியாமலேயே அந்த ஆளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒருவரால் யோசிக்க முடிந்திருக்கிறது. நான் ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டும் யோசிக்கவில்லை.

"மேடத்துக்கு அது உங்க பேப்பர்னே தெரியாதும்மா" என்றேன்.

"நெசமாவா?"

"நான் சொல்லப் போனேன். என்னைச் சொல்ல விடல. யாருன்னு சொல்லாதீங்கோன்னு நிறுத்திட்டா. உங்க பதிலைப் பார்த்தா, சரியா இருந்தது, மார்க் போடச் சொன்னா. அவ்வளவுதான் நடந்தது."

டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப நானேதான் பாஸ் பண்ணினனா?"

"நீங்களேதாம்மா."

அவர் டப்பாவை மூடினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அதற்குள் படிக்கட்டில் நின்றுகொண்டு நிர்வாகப் பிரிவுக்காரர் ஒருவர் புல்வெளியைப் பார்த்துக் கத்தினார், "அரே பையா, வோ கம்பாஷனேட் கேஸ் கஹான் ஹை?" அந்த கம்பாஷனேட் கேஸ் எங்கே. வழக்கமாக அந்தக் குரலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். அன்றைக்கு ஓடவில்லை. இரண்டடி முன்னால் போய் நின்று, அந்தப் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, இனிஷியலோடு.